தார் 4×4: ஒரு டயர் கிழிந்தால் ஒன்றா, இரண்டா, நான்கா?

சேலம்_தார் | 3 மே 2025, காலை 9:10

மஹிந்திரா தார் ஜீப், 2021, டீசல், பின் ஆக்ஸிலில் எம்.எல்.டி. (ஒரு சக்கரம் வழுக்கினால் இடது வலதைத் தானாகப் பூட்டும் அமைப்பு) உள்ள வேரியன்ட். டயர் 255/65 ஆர்18 ஏ.டி. (ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான வகை), ஓடியது 38,000 கி.மீ. பின் வலது டயரின் பக்கச்சுவரைக் கல் கிழித்து நூல் தெரிகிறது, ஒட்ட முடியாது. மற்ற மூன்றின் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டை) ஆழம்: முன் இடது 5.5, முன் வலது 5.2, பின் இடது 6.0 மி.மீ. ஒரு கடையில் ஒன்று போதும் என்கிறார்கள், இன்னொரு கடையில் ஜோடியாக மாற்றச் சொல்கிறார்கள், சர்வீஸில் 4×4 என்றால் நாலும் மாற்றியே ஆக வேண்டும் என்கிறார்கள். எது சரி?

கிரவுன்பினியன் | 3 மே 2025, காலை 11:42

மூன்று விவரம் வேண்டும். ஸ்டெப்னியின் பட்டன் ஆழம். ஸ்டெப்னியின் டிஓடி எண்ணில் (பக்கச்சுவரில் இருக்கும் தயாரிப்பு எண்) கடைசி நாலு இலக்கம். 4எச் (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) போடுவது மண்ணிலா, தார் ரோட்டிலா. "4×4 என்றால் நாலும்" என்பது எல்லா வண்டிக்கும் பொருந்தாது. விசையை முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் கேஸுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் முடிவு செய்யும்.

கோத்தகிரி_ஜீப் | 3 மே 2025, மதியம் 1:05

ஒண்ணு போடுங்க போதும். புது டயர்ல 4 பி.எஸ்.ஐ. கம்மியா வைங்க, உயரம் சமமாயிடும். மலையில எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க.

கிரவுன்பினியன் | 3 மே 2025, மாலை 6:30

காற்றைக் குறைத்தால் உயரம் இறங்கும், சுற்றளவு அந்த அளவுக்கு இறங்காது. ரேடியல் டயரில் பட்டனுக்குக் கீழே எஃகுக் கம்பிப் பட்டை சுற்றியிருக்கிறது. அது நீளவும் மாட்டாது, சுருங்கவும் மாட்டாது. டயர் நசுங்கினால் தரையில் பதியும் தடம் நீளுமே தவிர, ஒரு சுற்றில் உருளும் தூரம் கொஞ்சம்தான் குறையும். கியருக்கும் டிஃபரன்ஷியலுக்கும் (இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டி) தெரிவது அந்த உருளும் தூரம் மட்டுமே, அச்சின் உயரத்தை அவை பார்ப்பதில்லை. மிஞ்சுவது தோள் தேய்மானமும் சூடும்தான். ஒரே ஆக்ஸிலில் இடதும் வலதும் வேறு காற்று வைத்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அந்த வைத்தியம் வேண்டாம்.

சேலம்_தார் | 4 மே 2025, காலை 8:15

ஸ்டெப்னி 9.0 மி.மீ., இதுவரை இறக்கவில்லை. டிஓடி 1121. மற்றதும் அதே கம்பெனி, அதே மாடல். 4எச் பெரும்பாலும் மண் பாதையில். கொல்லிமலை ஏறும்போது மழை பெய்தால் தார் ரோட்டிலும் போடுவதுண்டு.

கிரவுன்பினியன் | 4 மே 2025, இரவு 9:50

1121 என்றால் 2021-ஆம் ஆண்டின் 11-ஆவது வாரம். நாலு வருடம் வெயிலில் தொங்கிய டயர். பக்கச்சுவரைக் கட்டை விரலால் அழுத்திப் பிதுக்கிப் பாருங்கள், பட்டன் இடுக்கின் அடியையும் பாருங்கள். மயிரிழை வெடிப்பு இல்லையென்றால் அதுதான் உங்கள் இரண்டாவது புது டயர். அதே மாடலில் ஒன்று மட்டும் வாங்குங்கள். ஸ்டெப்னியும் புதியதும் பின் ஆக்ஸிலுக்கு. பழைய மூன்றில் 6.0-உம் 5.5-உம் முன்னால். 5.2 ஸ்டெப்னி ஆகட்டும்.

இனி கணக்கு. உங்கள் டயரின் விட்டம் சுமார் 789 மி.மீ., சுற்றளவு சுமார் 2,478 மி.மீ. பட்டன் 1 மி.மீ. தேய்ந்தால் ஆரம் 1 மி.மீ. குறையும், சுற்றளவு 6.3 மி.மீ. குறையும். அதாவது கால் சதவீதம். ஒரு கிலோமீட்டருக்கு 2.5 மீட்டர். பின்னால் 9.0, முன்னால் சராசரி 5.75 என்றால் வித்தியாசம் 3.25 மி.மீ. கிலோமீட்டருக்கு 8 மீட்டருக்கு மேல்.

2எச்-இல் (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) இது டிரான்ஸ்பர் கேஸை ஒன்றும் செய்யாது. முன் சக்கரங்கள் எஞ்சின் விசை இல்லாமல் தம் பாட்டுக்கு உருளும். 4எச் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். தார் வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் இடையே விட்டுக்கொடுக்கும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. அந்த 8 மீட்டரை யாராவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். மண்ணில் டயர் வழுக்கி விட்டுக்கொடுத்துவிடும். காய்ந்த தார் ரோட்டில் டயர் விடாது. ஷாஃப்ட் முறுக்கேறி, செயினும் கிரவுன் பல்சக்கரமும் இறுகி, கடைசியில் ஏதோ ஒரு டயர் 'கீச்'சென்று தேய்ந்து கொடுக்கும். டயரில் பட்டன் எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் வளைவில் இதே கதைதான். வீல்பேஸ் 2,450 மி.மீ. பின் ஆக்ஸிலின் நடு 5 மீட்டர் ஆரத்தில் கொண்டை ஊசி வளைவு திரும்பினால் முன் ஆக்ஸிலின் நடு 5.57 மீட்டர் ஆரத்தில் போகும். அரை வட்டத்தில் முன்னால் 1.8 மீட்டர் கூடுதல் ஓட்டம். அகலமான வளைவு, 8 மீட்டர் ஆரம் என்றாலும் 1.15 மீட்டர். கொல்லிமலையில் 70 வளைவு. இடது வளைவும் வலது வளைவும் ஒன்றையொன்று ஈடு கட்டாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முன் சக்கரத்துக்குத்தான் தூரம் அதிகம்.

ஆகவே கொல்லிமலையில் தார் ரோடு நனைந்திருந்தாலும் 2எச் போதும். சேறு வழிந்து மூடிய இடத்தில் மட்டும் 4எச், தாண்டியதும் எடுத்துவிடுங்கள்.

கோத்தகிரி_ஜீப் | 5 மே 2025, காலை 7:20

கணக்கு சரிதான். ஆனா அதே கணக்குப்படி புது டயர் முன்னாடில்ல போகணும்? வளைவுல முன் சக்கரம் அதிகம் சுத்தணும். தேஞ்ச சின்ன டயர் முன்னாடி இருந்தா அதுவும் அதிகம் சுத்தும். ரெண்டும் சேந்துக்கும். புதுசு முன்னாடி இருந்தா ஒண்ணை ஒண்ணு கழிக்கும்.

கிரவுன்பினியன் | 5 மே 2025, மதியம் 12:10

4எச்-ஐ மட்டும் வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. டிரான்ஸ்பர் கேஸுக்கு அதுதான் இதம். ஆனால் வண்டியின் பெரும்பாலான ஓட்டம் 2எச்-இல், தார் ரோட்டில், 80-100 கி.மீ. வேகத்தில். மழையில் பின் டயர் மொட்டையாக இருந்தால் வால் வீசும். உயரமான, வீல்பேஸ் குறைந்த வண்டியில் அதைப் பிடித்து நிறுத்துவது எளிதல்ல. முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், காலை எடுத்தால் பிடிப்பு வரும். உயிர் என்று வந்தால் நல்ல ஜோடி பின்னால்தான். தவிர 2எச்-இல் பின் டயர்தான் இழுக்கிறது, அது வேகமாகத் தேயும். இடைவெளி தானாகச் சுருங்கும்.

திருச்சி_ஸ்பேனர் | 5 மே 2025, மதியம் 2:45

எம்.எல்.டி. இருக்கிற வண்டியில் இடது வலது அரை மி.மீ. வித்தியாசம் இருந்தாலே லாக் ஆகிக்கொண்டே இருக்கும், கிரவுன் போய்விடும்.

கிரவுன்பினியன் | 5 மே 2025, இரவு 10:05

இல்லை, ஆகாது. எம்.எல்.டி. பூட்டிக்கொள்ள இடது, வலது சக்கரங்களுக்கு இடையே நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சுற்று வித்தியாசம் வேண்டும். 80 கி.மீ. வேகத்தில் இந்த டயர் நிமிடத்துக்குச் சுமார் 538 சுற்று. ஒரு பக்கம் 9.0, மறுபக்கம் 5.5 என்று மோசமாகவே போட்டாலும் வித்தியாசம் 5 சுற்றுக்குள். இறுக்கமான வளைவில் 15 கி.மீ. வேகத்தில் திரும்பினாலும் 30 சுற்றுதான். போதாததற்கு, வேகம் கூடினால் பூட்டாதபடி உள்ளேயே தடுப்பும் உண்டு.

ஆனால் இடது வலது வித்தியாசம் இருந்தால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஸ்பைடர் கியர் என்ற சிறு பல்சக்கரங்கள் நேர் சாலையிலும் ஓயாமல் சுற்றும். அவை திரும்பும்போது மட்டும் சுற்றுவதற்காகச் செய்தவை. ஸ்டெப்னி போட்டு அவசரத்துக்கு ஊர் வந்து சேர்வதில் தவறில்லை. அப்படியே பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் வாஷரும் குறுக்குப் பின்னும் தேயும். கிளட்ச் தட்டு வைத்த எல்.எஸ்.டி. (வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) என்றால் இன்னும் கெடுதல். தட்டுகள் இடைவிடாமல் உரசும், ஆயில் கருகும். அந்த வகைக்கு இடது வலது 1 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

டோ_கேம்பர் | 7 மே 2025, காலை 10:30

எல்லோரும் எத்தனை டயர் என்றே பேசுகிறீர்கள். முன்னால் இடது 5.5, வலது 5.2 என்பது எந்த இடத்தில் அளந்தது? உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றும் வேண்டும். ஒரு டயரில் மூன்று இடம், சுற்றிலும் நாலு முனையில், ஆக 12 அளவு. தேய்மானக் குறிமேடு மேல் வைத்து அளக்கக் கூடாது, அது பள்ளத்தின் அடியிலிருந்து 1.6 மி.மீ. உயர்ந்து நிற்கும். அளக்கிற எல்லாக் கணக்கும் அதில் கெட்டுவிடும்.

கையாலேயே பாதி கண்டுபிடிக்கலாம். உள்ளங்கையை டயரின் குறுக்கே வெளியிலிருந்து உள்ளே இழுங்கள், பிறகு உள்ளிருந்து வெளியே. ஒரு திசையில் வழுவழுப்பாக, மறு திசையில் கத்தி விளிம்பு மாதிரி வெட்டினால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) தப்பு. சுற்று வாக்கில் தடவும்போது ஒவ்வொரு பட்டனும் ஒரு முனை உயர்ந்து மறு முனை தாழ்ந்து ரம்பப் பல் போலிருந்தால் அது டயர்களை இடம் மாற்றிப் போடும் ரொட்டேஷன் செய்யாததால் வருவது. ஏ.டி. டயரிலும் சேற்றுக்கான எம்.டி. டயரிலும் பட்டன் பெரிது, நெளியும், அதனால் சீக்கிரம் வரும். அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர், பேலன்சிங், ஹப் பேரிங் மூன்றையும் சந்தேகப்படுங்கள். இரண்டு தோளும் தேய்ந்து நடு நிமிர்ந்திருந்தால் காற்று குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு சக்கரம் மட்டும் தனியாகத் தேய்ந்தால் பிரேக் காலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். 20 கி.மீ. பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்தி, நாலு ரிம்மின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அதுதான்.

டோ எவ்வளவு தின்னும் என்றால்: ஒரு சக்கரம் டயரின் முழு விட்டத்துக்கு வெறும் 2 மி.மீ. கோணலாக நின்றால் கிலோமீட்டருக்கு 2.5 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. மேலே கிரவுன்பினியன் 1 மி.மீ. பட்டனுக்குச் சொன்ன அதே 2.5 மீட்டர். ஆனால் இது 2எச்-இலும் நடக்கும், ஒவ்வொரு கிலோமீட்டரும் நடக்கும்.

சேலம்_தார் | 7 மே 2025, இரவு 8:40

முன் வலது: உள் ஓரம் 4.1, நடு 5.2, வெளி 5.4. முன் இடது: 5.3, 5.5, 5.6. நடுவில் மட்டும்தான் முன்பு அளந்தேன். வலதில் உள்ளே இழுக்கும்போது கை வெட்டுகிறது.

டோ_கேம்பர் | 8 மே 2025, காலை 6:55

அப்படியானால் புது டயர் போட்டாலும் வலது முன்பக்கம் தின்னும். வரிசை இது: முதலில் நாலிலும் காலையில், ஓட்டுவதற்கு முன், கதவில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்று. பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்ட் வைத்து, டயரை 12 மணி, 6 மணி நிலையில் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஹப் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். 9 மணி, 3 மணி நிலையில் ஆடினால் டை ராட் எண்ட் அல்லது ராக். ஆட்டம் இருக்கும் வண்டிக்கு அலைன்மென்ட் செய்வது வீண், மெஷினிலிருந்து இறங்கிய நிமிடமே மாறிவிடும். ஆட்டத்தைச் சரி செய்து, டயரை மாற்றி, பேலன்ஸ் செய்து, கடைசியில் அலைன்மென்ட்.

பின் ஆக்ஸில் ஒற்றைக் குழாய் என்பதால் அங்கே திருகித் திருத்த எதுவும் இல்லை. ஆனாலும் நாலு சக்கரத்துக்கும் அளவுக் கருவியின் தலையை மாட்டி அளக்கச் சொல்லுங்கள். பின் ஆக்ஸில் குறுக்காக நின்றால், பானார்டு ராடு புஷ்ஷோ ஆர்ம் புஷ்ஷோ போயிருக்கும். முன்னால் எத்தனை முறை திருத்தினாலும் ஸ்டியரிங் நேராக நிற்காது.

அளவுத்தாளை இரண்டும் வாங்குங்கள், திருத்துமுன் ஒன்று, திருத்திய பிறகு ஒன்று. சில கடைகளில் திருத்திய பிறகு எடுத்த அளவை மட்டும் தருவார்கள். திருத்துமுன் எடுத்த அளவு இல்லாமல் காரணம் தெரியாது.

கிரவுன்பினியன் | 8 மே 2025, மதியம் 1:30

உள் ஓரம் 4.1 என்றால் முந்தைய யோசனை இன்னும் உறுதி. 5.2 டயர்தான் ஸ்டெப்னிக்குப் போக வேண்டியது.

வவுனியா_டிஃபெண்டர் | 11 மே 2025, இரவு 7:15

இஞ்ச டிஃபெண்டர் 110. எல்லாக் காலமும் நாலு சில்லும் இழுக்கிற வகை, 2எச் எண்ட கதையே இல்லை. நடுவில டிஃபரன்ஷியல் இருக்கிறதால முன்னுக்கும் பின்னுக்கும் ரயர் வித்தியாசம் இருந்தாலும் ஓடலாம் எண்டு ஒரு மெக்கானிக் சொல்லுறார். முன்னுக்கு ரேடியல், பின்னுக்கு பழைய கிராஸ் பிளை கிடக்குது. விட்டா என்ன வரும்?

கிரவுன்பினியன் | 11 மே 2025, இரவு 11:20

ஓடும். ஆனால் எல்.டி.230 டிரான்ஸ்பர் பெட்டியின் நடு டிஃபரன்ஷியல் சாதாரணப் பல்சக்கர வகை. முன் பின் சுற்றளவு வேறாக இருந்தால் அதன் சிறு கியர்கள் நேர் சாலையிலும் நிற்காமல் சுற்றும். குறுக்கு ஷாஃப்டும் த்ரஸ்ட் வாஷரும் தேய்ந்து, ஆக்ஸிலரேட்டரை விட்டு மிதிக்கும்போது 'டக்' என்று தட்டும். அந்தத் தட்டல் ஏற்கெனவே இருந்தால் ப்ராப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட்களையும் பின் ஆக்ஸில் ஃபிளாஞ்ச் பல்லையும் முதலில் பாருங்கள், அவையும் அதே சத்தம் தரும்.

கிராஸ் பிளையும் (நூல் அடுக்குகள் குறுக்காக ஓடும் பழைய வகை) ரேடியலும் கலந்து ஓட்டவே வேண்டாம். ஒரே அளவு எண் போட்டிருந்தாலும் உருளும் தூரம் ஒத்துப்போகாது. வளைவில் இரண்டும் பிடிக்கும் விதமும் வேறு, பின்னால் கிராஸ் பிளை இருந்தால் வால்தான் முதலில் விடும். நடு டிஃபரன்ஷியல் லாக்கைப் போட்டுவிட்டு எடுக்க மறந்தால் உங்கள் டிஃபெண்டரும் தார் ரோட்டில் 4எச் போட்ட தார் வண்டியும் ஒன்றுதான்.

வவுனியா_டிஃபெண்டர் | 12 மே 2025, காலை 6:40

சரி அண்ணை. லொக் போட்டா எடுக்கேக்க லீவர் வந்தாலும் டாஷ்ல லைட் அணையாமல் கிடக்குது. அது இதாலயோ?

கிரவுன்பினியன் | 12 மே 2025, காலை 9:00

அதேதான். முறுக்கேறி நிற்கிறது, பல் விடவில்லை. லீவரை அடிக்கவோ உதைக்கவோ கூடாது, ஃபோர்க் வளையும். லீவரை லாக் இல்லாத நிலையில் வைத்தபடி நேராக நாலைந்து மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள். விடாவிட்டால் மெதுவாக இடதும் வலதுமாக வளைத்து ஓட்டுங்கள். அல்லது ஒரு பக்கச் சக்கரங்களைச் சாலையோர மணலில் இறக்குங்கள். முறுக்கு விட்டதும் தானாகக் கழன்று லைட் அணையும். தார் வண்டியில் 4எச்-இலிருந்து 2எச் வராமல் அடம்பிடித்தாலும் இதே வழி.

கோவை_டஸ்டர் | 15 மே 2025, மாலை 5:50

ஏ.டபிள்யூ.டி. டஸ்டர், எக்ஸ்.யூ.வி.700 மாதிரி வண்டிக்கும் ஜோடி மாற்றினால் போதுமா சார்? ஆட்டோவில் வைத்தால் தேவைப்படும்போது மட்டும்தானே பின் சக்கரம் இழுக்கும்?

கிரவுன்பினியன் | 15 மே 2025, இரவு 10:40

போதாது. இந்த வகைக்குத்தான் "நாலும் ஒன்றாக" என்ற பேச்சு உண்மையாகப் பொருந்தும். முன் சக்கரம் எப்போதும் இழுக்கிறது. பின்னால் போகும் விசையைப் பின் டிஃபரன்ஷியலுக்கு முன்னே இருக்கும் கிளட்ச் தட்டுப் பெட்டி பிடித்தும் விட்டும் தருகிறது. முன் டயர் தேய்ந்து சிறிதாகிப் பின்னால் புதிது இருந்தால் முன் சக்கரம் கூடுதலாகச் சுற்றும். கம்ப்யூட்டர் அதை முன் சக்கரம் வழுக்குவதாக எடுத்துக்கொள்ளும், கிளட்சைப் பிடிக்கும். நேர் நெடுஞ்சாலையில், வெயிலில், மணிக்கணக்காக. ஆயில் கொதித்து எச்சரிக்கை வரும், சில மாடல்களில் பின் இழுவையைத் துண்டித்துவிடும். ஆறியதும் திரும்பி வரும், அதனால் மெக்கானிக்கிடம் போகும்போது குறை தெரியாது.

அளவு: நாலு டயருக்கும் பட்டன் வித்தியாசம் 1.5 மி.மீ.க்குள் வையுங்கள். சுபாரு தன் ஏ.டபிள்யூ.டி. கார்களுக்கு நாலு டயரின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது 6.4 மி.மீ.க்குள் இருக்கச் சொல்கிறது. பட்டனில் அது 1 மி.மீ. மட்டுமே. வெளிநாட்டில் இதற்காகப் புது டயரைக் கடைந்து பழையதன் ஆழத்துக்குக் கொண்டுவந்து தரும் கடைகள் உண்டு. இங்கே நடைமுறைக்கு ஏற்றது, அதே மாடலில் ஏறத்தாழ அதே ஆழமுள்ள பழைய டயர். மாடல் மாறி அளவு எண் மட்டும் ஒத்தால் போதாது. ஒரே 215/65 ஆர்16 என்று எழுதியிருந்தாலும் இரண்டு கம்பெனி டயருக்குள் விட்டம் சில மி.மீ. வேறுபடும்.

டஸ்டரில் வசதி ஒன்று உண்டு. சுழற்றியை 2டபிள்யூடி-யில் வைத்தால் கிளட்ச் விட்டு நிற்கும். வித்தியாசமான டயரோடு ஊர் போய்ச் சேர வேண்டியிருந்தால் அதில் வைத்துப் போங்கள்.

டோ_கேம்பர் | 16 மே 2025, காலை 7:30

ஐந்து டயர் ரொட்டேஷனைப் பற்றி யாரும் சொல்லவில்லை. முழு அளவு ஸ்டெப்னி, அதே மாடல் டயர், திசை அம்புக்குறி இல்லாத பட்டன் என்றால் இதைச் செய்யாமல் இருப்பதில் அர்த்தமே இல்லை. ஸ்டெப்னி பின் வலதுக்கு. பின் வலது முன் வலதுக்கு. முன் வலது பின் இடதுக்கு. பின் இடது முன் இடதுக்கு. முன் இடது ஸ்டெப்னிக்கு. ஏ.டி. டயருக்கு 8,000 கி.மீ.க்கு ஒரு முறை, எம்.டி.க்கு 5,000. ஐந்து சுற்றில் ஒவ்வொரு டயரும் எல்லா இடத்தையும் பார்த்துவிடும். ஓட்டம் ஐந்தாகப் பங்கிடப்படுவதால் செட் கால் பங்கு கூடுதலாக உழைக்கும். எந்த நாள் ஒன்று கிழிந்தாலும் கையில் இருக்கும் ஸ்டெப்னி மற்ற நாலின் ஆழத்தில்தான் இருக்கும், இந்த இழையின் முதல் கேள்வியே எழாது.

ஸ்டெப்னி ஸ்டீல் ரிம், மற்றது அலாய் என்றால் நட் உட்காரும் கூம்பும் ரிம் உள்வாங்கும் அளவும் ஒன்றா என்று முதலில் சரிபாருங்கள். வேறாக இருந்தால் டயரை மட்டும் கழற்றி ரிம் மாற்றிப் போட வேண்டும், ஒவ்வொரு முறையும் பேலன்சிங் செலவு. நட்டை நட்சத்திர வரிசையில், மேனுவலில் சொன்ன டார்க்குக்கு (இறுக்கும் விசைக்கு), வண்டி தரையில் நிற்கும்போது இறுக்குங்கள். ஏர் கன்னால் அடித்து அனுப்புவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். 100 கி.மீ.க்குள் மறுபடி பார்க்க வேண்டும்.

கோத்தகிரி_ஜீப் | 16 மே 2025, காலை 9:12

பழைய ஜீப்ல முன் ஹப்ல கையால திருகுற லாக் இருக்கும். ரெண்டு பக்கமும் ஒரே நிலையில இருக்கணும், அதையும் சேத்துக்கோங்க. ஒண்ணு லாக், ஒண்ணு ஃப்ரீன்னு விட்டா முன் டிஃபரன்ஷியல் சும்மாவே சுத்தும். 4எச் போட்டா முன்னாடி இழுவை சுத்தமா வராது. ஆளுங்க டயரைக் குறை சொல்லிட்டு இருப்பாங்க.

கிரவுன்பினியன் | 18 மே 2025, மாலை 4:25

பட்டன் ஆழத்தை வைத்துக் கணக்கு போட்டது ஒரு மதிப்பீடு. முடிவு தெரிய உருட்டி அளக்க வேண்டும். அதற்கு வேண்டியது சாக்பீஸ், 15 மீட்டர் டேப், சமமான சிமென்ட் தரை. காற்று சமமாக இருக்கட்டும். வண்டியில் வழக்கமான பாரம். டயர் தரையைத் தொடும் இடத்தில், அச்சுக்கு நேர் கீழே, பக்கச்சுவரிலும் தரையிலும் கோடு. ஸ்டியரிங் நேராக, 2எச்-இல், ஒருவர் ஓட்ட ஒருவர் நடந்தபடி ஐந்து சுற்று எண்ணி, கோடு மறுபடி அடியில் வந்ததும் நிறுத்தித் தரையில் குறியிடுங்கள். ஐந்து சுற்றின் தூரம் சுமார் 12 மீட்டர். டேப்பில் அரை செ.மீ. பிசகினாலும் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ.தான். நாலு டயருக்கும் தனித்தனியாக, ஒவ்வொன்றும் இரண்டு முறை.

சேலம்_தார் | 2 ஜூன் 2025, இரவு 8:05

வலது டை ராட் எண்ட் மாற்றி, புது டயர் போட்டு, அலைன்மென்ட் முடிந்தது. உருட்டி அளந்தது, ஐந்து சுற்றுக்கு: பின் இடது 12.04 மீட்டர், பின் வலது 12.03. முன் இரண்டும் 11.95. பட்டன் கணக்குப்படி 10 செ.மீ. வர வேண்டியது 8.5 தான் வருகிறது.

கிரவுன்பினியன் | 2 ஜூன் 2025, இரவு 10:30

கம்பிப் பட்டையின் நீளம் மாறாததால் பட்டன் தேய்வது முழுசாகச் சுற்றளவில் தெரிவதில்லை. 0.7 சதவீதம், கிலோமீட்டருக்கு 7 மீட்டர். பின் ஜோடிக்குள் 1 செ.மீ. என்பது ஒரு சுற்றுக்கு 2 மி.மீ., எந்த டிஃபரன்ஷியலும் அதைப் பொருட்படுத்தாது. மண்ணிலும் மணலிலும் 4எச் தாராளமாகப் போடலாம், கெட்டித் தரையில் வேண்டாம். 8,000 கி.மீ. ஆனதும் பட்டனை அளந்து பாருங்கள். முன் பின் வித்தியாசம் 2 மி.மீ.க்குள் வந்த பிறகு ஐந்து டயர் சுழற்சியை ஆரம்பியுங்கள், அதுவரை பின் ஜோடியைப் பிரிக்காதீர்கள்.

அடுத்த முறை டிஃபரன்ஷியல் ஆயில் மாற்றும்போது டிரெயின் பிளக் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம். விரலில் உறுத்தும் சில்லோ ஊசித் துணுக்கோ இருந்தால் கழற்றிப் பார்க்க வேண்டும்.

டெல்டா_உழவு | 9 ஜூன் 2025, காலை 5:40

டிராக்டர் கேள்வி கேட்கலாமா? 4டபிள்யூடி, முன் டயர் 9.5-24, பின் 14.9-28. முன் டயர் பாதி தேய்ந்துவிட்டது, பின் டயர் நன்றாக இருக்கிறது. முன்னால் சேறு பிடித்து இழுப்பதே இல்லை, சும்மா உருளுகிறது. நீங்கள் சொன்னபடி முன்னும் பின்னும் ஒரே சுற்றளவு எப்படிக் கொண்டுவருவது?

கிரவுன்பினியன் | 9 ஜூன் 2025, மதியம் 12:50

டிராக்டரில் கொண்டுவரவே கூடாது. அங்கே முன் சக்கரத்தின் பரப்பு வேகம் பின் சக்கரத்தைவிட 1 முதல் 5 சதவீதம் முந்தியிருக்கும்படி கியரை வைத்திருக்கிறார்கள். அந்த முந்தலில்தான் முன் சக்கரம் இழுக்கிறது. முன் டயர் தேய்ந்து சுற்றளவு குறைந்தால் முந்தல் பூஜ்யமாகும், இன்னும் தேய்ந்தால் எதிர்மறையாகும். அப்போது பின் சக்கரம் தள்ள, முன் சக்கரம் பிரேக் போல நிற்கும்.

சோதனை: கெட்டி மண்ணில் 4டபிள்யூடி எடுத்துவிட்டு, முன் டயரிலும் பின் டயரிலும் சாக்பீஸ் கோடு போட்டு, பின் டயர் 10 சுற்று சுற்றும்போது முன் டயர் எத்தனை என்று எண்ணுங்கள், முழுச் சுற்றாக வராத மீதியைப் பட்டனை எண்ணிக் கணக்கில் சேர்த்து. அது முதல் எண். அடுத்து பொலபொலப்பான மண்ணில் 4டபிள்யூடி போட்டு, அதே 10 சுற்று. அது இரண்டாவது எண். இரண்டாவதிலிருந்து முதலைக் கழித்து, முதலால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 13.0, 13.4 என்று வந்தால் 3 சதவீதம், நல்லது. 13.5, 13.4 என்று வந்தால் முன் டயர் போய்விட்டது.

டெல்டா_உழவு | 12 ஜூன் 2025, மாலை 6:20

முதல் எண் 13.4, இரண்டாவது 13.4. முன்னால் புதிது ஜோடி வாங்குகிறேன். கடையில் 8.3-24 மலிவாகத் தருகிறார்கள்.

கிரவுன்பினியன் | 12 ஜூன் 2025, இரவு 9:15

வேண்டாம். 8.3-24 இன்னும் சிறிது, புதிதாக இருக்கும்போதே முந்தல் கிடைக்காது. வந்த அளவான 9.5-24 மட்டும். நாளைக்குப் பின் டயர் தேய்ந்து முன் புதிதாக இருக்கும்போது இதே சோதனையை மறுபடி செய்யுங்கள். அப்போது முந்தல் 5 சதவீதத்தைத் தாண்டலாம், முன் டயர் சீக்கிரம் தேயும், முன் ஆக்ஸில் பல்லுக்கும் பளு கூடும். பின்னால் டயருக்குப் பதில் முழுக் கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டி உழுதால் அதன் விட்டம் பின் டயரின் விட்டத்துக்கு ஒத்திருக்கிறதா என்று டேப் வைத்துப் பாருங்கள். சிறிதாக இருந்தால் வரப்பிலும் மேட்டிலும் ஏறும்போது 4டபிள்யூடி-யை எடுத்துவிடுங்கள். வயலுக்குப் போகும் தார் ரோட்டில் எப்போதும் எடுத்தே இருக்கட்டும்.